இரண்டாவது சிலுவை

என் அப்பு,

கல்யாணக் கோட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்திருப்பாய். மேலே இந்தத் தாள்கள் கிடக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடுதாசி என்று உனக்குச் சிரிப்பு வரலாம். நீ முன்னறையில், நான் பின்னறையில், நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் ஊருக்குத் திரும்பி வந்த இந்த எட்டு மாதமாக முயன்று பார்த்துவிட்டேன், வாய் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் "அப்பு, ஒரு விசயம்" என்பேன். நீ "சொல்லுங்கப்பா" என்பாய். நான் "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வையி" என்று முடித்துவிடுவேன். எட்டு மாதத்தில் நான் வேண்டாமலே தின்ற பொரியல் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கோட்டைப் போட்டுப் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி வந்திருந்தாள் அல்லவா, கல்யாணத்தன்று காலையில் யார் யார் என்ன செய்வது என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோவிலுக்குக் கிளம்புமுன் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பும் இடம் வந்ததும் நிறுத்தினாள். "எங்கக்கா இருந்தா அவ போடுவா. இப்ப அவளுக்குப் பதிலா யாரு போடுறது மச்சான்?" என்றாள். அவளே, "நீங்களே ரெண்டு தடவ போட்டுருங்க. ஒண்ணு உங்களுது, ஒண்ணு அவளுது" என்று தீர்ப்பும் சொன்னாள். நீ போனிலிருந்து தலையை எடுக்காமல் "சரி" என்றாய். சித்தி அடுத்த காரியத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தச் "சரி"யைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் உனக்கு ஒன்று தெரியாது. தெரியாதவனிடம் வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு உன் அம்மாவின் சிலுவையை உன் நெற்றியில் போட எனக்கு உரிமை இல்லை.

அவள் சிலுவை போடுவது உனக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சைக்குப் போகும்போது, காய்ச்சலில் கிடக்கும்போது, நீ மில்லில் முதல் நாள் வேலைக்குப் போனபோது. பூப் பறித்துவிட்டு வந்த கையோடு கட்டைவிரலால் அழுத்திப் போடுவாள். நெற்றியில் மல்லிக்காம்பின் பச்சை ஒட்டும். போட்டு முடித்ததும் அதே கையால் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. "போலே, போயிட்டு வா." ஆசீர்வாதத்துக்குப் பிறகு குட்டு எந்தச் சபையில் இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். "எங்க சபையில இருக்கு" என்பாள்.

நான் பத்து வருடத்துக்கு மேல் எருசலேமில் இருந்தேன். நம் ஊர் அகரத்தில் எல்லோரும் "அவருக்கென்ன, புண்ணிய பூமியில இருக்காரு" என்று பேசிக்கொண்டார்கள். நான் பார்த்த புண்ணிய பூமி ஒரு கிழவரின் குளியலறையும் அடுக்களையும் மூன்றாவது மாடி சன்னலும்தான். அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, நடக்க வைத்து, படுக்க வைப்பது என் வேலை. யூதர், தம் மதச் சட்டம் தவறாதவர். நல்ல நாளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை போவார். பேச்செல்லாம் எபிரேயம். எனக்குத் தெரிந்த எபிரேயம் அரைகுறை. ஆனால் வருடம் போகப் போக அவர் பேசுவது எனக்கு நம் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுந்தது. அதனால் அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். அவர் இப்படியா பேசினார் என்று யோசிக்காதே.

அவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை நின்றபடி செபம். சத்தம் இல்லை, உதடு மட்டும் அசையும். தினமும் ஒரே வாசகம்தான். ஆனால் அமாவாசையை ஒட்டி அவர்களுக்கு மாதம் பிறக்கிற நாளில் நடுவே ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். திருவிழாவில் வேறொன்று. மழைக்காலத்தில், காற்றை வீசச் செய்து மழையை இறக்குகிறவர் என்று ஒரு வரி. பெரியவருக்கு எண்பத்தெட்டு வயது. தினசரி வாசகம் எலும்பில் ஊறிக் கிடந்தது, இந்தக் கூடுதல்தான் தவறிப் போகும். "தெனம் போற பாதையில மாடு தானா வீட்டுக்கு வந்துருதுல்ல, அது மாதிரி நாக்கு ஓடிருது" என்பார். மாடு என்றது நான். அவர் வேறு எதையோ சொன்னார். அதற்காகவே ஒரு பெரிய அட்டையில் கறுப்பு மையில் எழுதி வைத்திருந்தார். மாதம் பிறக்கும் நாளன்று காலையில் அவர் நிற்குமுன் அதை எதிர்ச் சுவரில் மாட்டுவது என் பொறுப்பு. வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிடுகிற நான் ஒரு யூதருக்கு அமாவாசைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவிடம் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பு, அவர்கள் மறதிக்கே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். மனுசன் மறக்காமல் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. மறப்பான் என்று வைத்துக்கொண்டு, மறந்தால் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். செபம் முடிவதற்குள் ஞாபகம் வந்தால், விட்ட பகுதிக்குத் திரும்பி அங்கிருந்து சொன்னால் போதும். முடித்ததற்கு அடையாளமாக மூன்றடி பின்னால் எடுத்து வைத்துவிட்டால், முதலிலிருந்து. மாதப் பிறப்பின் ராச்செபத்தில் மறந்தால் திரும்ப வேண்டாம், அது போகட்டும். காலையில் மறந்தால் திரும்பத்தான் வேண்டும். அவர்களுடைய விளக்குத் திருநாளின் கூடுதலை மறந்தால் எந்த வேளையானாலும் போகட்டும். சொன்னோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால்? மழை வரியை ஆரம்பித்து முப்பது நாள் ஆகவில்லை என்றால், சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது நாள் தாண்டிவிட்டால் நாக்கு பழகியிருக்கும், சொல்லியிருப்பாய் என்று நம்பிக்கொள்ளலாம். பெரியவர் முப்பது நாள் காத்திருக்க மாட்டார். மழைக்காலம் தொடங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைத் தொண்ணூறு தடவை சொல்லி நாக்கைப் பழக்குவார். நான் எண்ண வேண்டும். எழுபதுக்கு மேல் எனக்கே எண்ணிக்கை மறந்துவிடும்.

வடமதுரைப் பெண்ணைக் கட்டப் போகிற உனக்கு நான் தர வேண்டிய புத்திமதி இதில் இருக்கிறது. வேறு புத்திமதி என்னிடம் இல்லை. பத்து வருடம் பெண்டாட்டியோடு போனில் குடும்பம் நடத்தியவன் கல்யாணத்தைப் பற்றி என்ன சொல்ல? நீயும் ரீட்டாவும் ஒருவருக்கொருவர் எதையாவது மறக்கத்தான் போகிறீர்கள். அப்போது யார் தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பாருங்கள். பேச்சு முடியுமுன் ஞாபகம் வந்தால் அந்த இடத்துக்கே திரும்பிவிடு, கூச்சப்படாதே. சிலவற்றை அவள் மறந்தால் போகட்டும் என்று விட்டுவிடு. ஆனால் காலை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டாய் என்றால் பாதியிலிருந்து தொடங்க முடியாது. முதலிலிருந்துதான் வர வேண்டும். நான் இப்போது அப்படித்தான் வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் உன் அம்மா திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். கல்லீரல் போய்விட்டது என்றார்கள். அதே நாட்களில் எருசலேமில் சண்டை. சைரன் ஊதும், பெரியவரைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே ஓடுவேன். விமானங்கள் நின்றுவிட்டன. அதுவரை நான் உன்னிடம் சொன்னது உண்மை. எட்டாம் நாள் சாயங்காலம் என்னை அனுப்பிய ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது, நாளை மறுநாள் ஒரு இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். காலையில் சொல்கிறேன் என்றேன். பெரியவரின் மகள், "நீங்க போயிட்டு வாங்க, நான் லீவு போட்டுக்கிறேன்" என்றாள். பெட்டிகூட எடுத்து வைத்தேன்.

மறுநாள் மாதப் பிறப்பு. நான் அட்டையை மாட்ட மறந்துவிட்டேன். பெரியவர் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய். உன் குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதில் அழுகை இல்லை, களைப்புதான். "அப்பா, டாக்டர் சொந்தக்காரங்களை வரச் சொல்லிட்டாரு. அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. எப்படியாச்சும் வந்துருங்கப்பா." நான் சொன்னேன்: "ஏர்போர்ட் இன்னும் மூடித்தான் கெடக்கு அப்பு. நான் என்ன செய்ய?" நீ "சரிப்பா, நீங்க பாத்து இருங்க" என்றாய். போனைக் கையில் வைத்தபடி திரும்பினேன். பெரியவர் மூன்றடி பின்னால் வந்து நின்று வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அட்டை இல்லையே. இன்னைக்கு மாசப் பொறப்புல்ல? நான் அதைச் சொன்னேனா?" என்றார். அவர் சொல்லவில்லை. அந்தப் பத்தி வரும்போது அவர் வலது கை மேசை விளிம்பைத் தட்டும், அன்றைக்குத் தட்டவில்லை. திரும்ப நிற்க வைத்தால் இன்னும் கால் மணி நேரம் நான் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "சொன்னீங்க" என்றேன். தலையாட்டினார். நான் அடுக்களைக்குப் போய், ஏஜென்சியைக் கூப்பிட்டு, இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பு, ஏர்போர்ட் திறந்திருந்தது. நான்தான் வரவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. சண்டைக்கும் பயம் இல்லை. பத்து வருடமாக நான் ஒரு அந்நியரின் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். சாகப் போகிற உடம்பை எப்படிப் புரட்ட வேண்டும், வாயை எப்படித் துடைக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அந்தக் கை தானாகவே ஓடும், மனசு அதில் இருக்க வேண்டியதில்லை. இவளையும் அப்படித்தான் கழுவுவேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேலைக்காரன் மாதிரி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருப்பேன், அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் கண்டுபிடிப்பாள், உனக்குத் தெரியுமே. அந்தப் பயத்துக்காக அவளை வாசலைப் பார்க்க வைத்துவிட்டேன். இதற்கு மேல் காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடக்கத்தை நீ போனில் காட்டினாய். போன் ஆடியதில் வானமும் மண்ணும் மாறி மாறித் தெரிந்தன. சித்தியின் அழுகை கேட்டது. நான் பெரியவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே பார்த்தேன். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. நான் கல்லறைக்குப் போய் நின்றால் வெயில் சுடுகிறது, அவ்வளவுதான் தெரிகிறது. ஊர் என்னை நெஞ்சழுத்தக்காரன் என்கிறது. அது இல்லை. மரத்துப் போய்விட்டது. முப்பதாம் நாள் பூசைக்கும் நான் வரவில்லை. பெரியவரைப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றேன். அதுவும் பாதிப் பொய்.

அடுத்த மாதப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே அட்டையை மாட்டிவிட்டேன். பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னேன்: "போன தடவ நீங்க அதைச் சொல்லல. நான் பொய் சொன்னேன்." அவர், "தெரியும்டா. நீ அடுக்களைக்குப் போனதும் மறுபடி நின்னேன். காலு வெடவெடன்னு ஆடுச்சு, சேரைப் புடிச்சுக்கிட்டேன்" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. "தெரிஞ்சும் ஏன் என்னையக் கேக்கல?" என்றேன். "உன் மூஞ்சியப் பாத்தேன். அது உன்னையக் கேள்வி கேக்குற நாளு இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு மற்றதையும் சொல்லிவிட்டேன். விமானம், நீ கூப்பிட்டது, எல்லாம். அவர்கள் சட்டத்தில் இன்னொன்று உண்டு. ஒரு வேளைச் செபத்தை முழுசாகவே தவறவிட்டால், அடுத்த வேளையில் இரண்டு தடவை நின்று சொல்ல வேண்டும். முதலில் அந்த வேளைக்கு உரியது, அடுத்தது தவறவிட்டதற்கு ஈடு. நான் அவரிடம் கேட்டேன்: "என் பொண்டாட்டிக்கு நான் விட்டதுக்கு அந்த மாதிரி ஏதாச்சும் உண்டா?" அவர் பொய்யாகவாவது ஒரு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "மறந்து விட்டவனுக்கு ஈடு உண்டு. வர முடியாமப் போனவனுக்கும் உண்டு. வேணும்னே விட்டவனுக்கு இல்ல" என்றார். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவுக்குப் போகுமுன் கூப்பிட்டார். "கடனைக் கழிச்சேன்னு அவன் சொல்லிக்க முடியாது. ஆனா கடமைன்னு இல்லாம, தானா விரும்பி நின்னு இன்னொரு தடவ சொன்னா, அவனை யாரும் தடுக்கல. அப்பிடிச் சொல்லலாம்." அவ்வளவுதான் சொன்னார். போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கு மறு மாதம் நான் ஊருக்கு வந்தேன்.

வந்த அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை நீ மறந்திருப்பாய். செபமாலை முடிந்ததும் உன் அம்மா கூடுதலாக ஒரு மங்கள வார்த்தைச் செபம் சொல்ல வைப்பாளே, அதை நீ அவளுக்குப் பிறகும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு, "தூரத்துல இருக்குற எங்க அப்பாவுக்காக" என்று ஆரம்பித்தாய். நான் உனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். சித்தி சிரித்துவிட்டாள். "ஏலே, உங்கப்பா இந்தா உக்காந்துருக்காருலே!" உனக்குக் காது சிவந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்த வரியை விட்டுவிட்டாய். மழைக்காலம் முடிந்த பிறகும் நாக்கு மழை வரியைச் சொல்வது பெரியவருக்கும் உண்டு, அதற்கும் திரும்ப வேண்டும் என்பது சட்டம். ஆனால் நீ அன்றைக்குச் சொன்னது பிழை என்று நான் நினைக்கவில்லை. நான் இன்னும் வந்து சேரவில்லை அப்பு. உன் நாக்குக்கு அது தெரிந்திருந்தது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் அவர் உன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தவர் இல்லை. நீ உட்கார்ந்தாய். இன்னொன்றும் என்னைக் குடைகிறது. விமானம் எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்தது என்று போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். இரண்டு வருடத்தில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம்பியதால் கேட்கவில்லையா, தெரிந்ததால் கேட்கவில்லையா? பெரியவரைப் போல நீயும் நான் அடுக்களைக்குப் போன பிறகு தனியாக நின்றுகொண்டாயா? நீ பதில் சொல்ல வேண்டாம். தெரியாமல் இருந்தால் இப்போது தெரிந்துகொண்டாய். தெரிந்தே இருந்தால், இனி அதை நீ ஒருவனே சுமக்க வேண்டாம்.

ஆகையால் அந்தக் காலையில் இப்படிச் செய்கிறேன். எல்லோருக்கும் நடுவில் நீ என் முன்னால் தலை குனிவாய். என் சிலுவையைப் போடுவேன். அது அப்பனுக்கு உரியது, அந்த வேளைக்கு உரியது. போட்டதும் கையைக் கீழே இறக்கிவிடுவேன். நீ நிமிர்ந்தால் கிளம்பிவிடுவோம், வண்டி வாசலில் நிற்கும். சித்தி கேட்டால் நான் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். கிழவன் மறந்தான் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருக்காது. இதை மனசாரச் சொல்கிறேன்.

நீ நிமிராமல் நின்றால் மட்டும் இரண்டாவதைப் போடுகிறேன். ஈடாக அல்ல, ஈடு கிடையாது என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலால், அழுத்தி, அவள் போடுவது போலவே போடுவேன். அன்றைக்குக் காலையில் தோட்டத்தில் நானே பூப் பறித்துவிட்டு வருவேன். உடனே நிமிர்ந்துவிடாதே, அப்பு. குட்டு பாக்கி இருக்கும்.

அப்பா